ஹார்ட்டெயில் ஃபிரேம் தேடுகிறீர்களா? எடையைக் கடைசியில் பாருங்கள்

மவுண்டன் பைக்குக்குப் புதிதாக ஃபிரேம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை கிராம்? கார்பனா, அலுமினியமா? கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் இடம்தான் தப்பு. இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. எடை குறைவாகவும் இருக்க வேண்டும், மூன்று மணி நேரம் ஓட்டினாலும் முதுகும் கையும் வலிக்கக் கூடாது என்றால், அதற்கு முன்பு தீர்மானிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும்தான் சஸ்பென்ஷன். பின்சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி ஃபிரேம் வழியாக நேரே சீட்டுக்கு வரும். அதனால் சொகுசான ஃபிரேம் என்றதும் அதிர்வை உறிஞ்சும் ஃபிரேம் என்று நினைத்துக்கொள்கிறோம். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. உண்மையில் முக்கோணமாகப் பற்றவைத்த குழாய்கள் மேலும் கீழுமாக வளைவது மிகக் கொஞ்சம். டயரும், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் அதைவிடப் பல மடங்கு அமுங்கும், வளையும். நல்ல ஃபிரேம் என்பது உங்கள் உடம்பைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, பெரிய டயருக்கும் வளையக்கூடிய போஸ்ட்டுக்கும் இடம் விடுவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதலில் ஃபோர்க்கை முடிவு செய்யுங்கள்

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கவைதான் ஃபோர்க். அது எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அதுதான் அதன் டிராவல். ஒவ்வொரு ஃபிரேமும் இன்ன டிராவலுக்கு என்று கணக்குப் போட்டுச் செய்யப்படுகிறது. மண்பாதை, காட்டுப் பாதை, நீண்ட ஏற்றங்கள் என்று ஓட்டுகிறவருக்கு 100 மி.மீ. போதும். கொஞ்சம் கரடுமுரடான இறக்கங்களும் உண்டு என்றால் 120 மி.மீ. அதற்கு மேல் 140, 150 மி.மீ. ஃபிரேம்கள் வேறு ரகம். கனமான குழாய்கள், சாய்ந்த முன்பக்கம், வேகமான இறக்கத்துக்கென்றே செய்தவை. எடை குறைவாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவதில் அர்த்தம் இல்லை.

100 மி.மீ.க்குச் செய்த ஃபிரேமில் 120 மி.மீ. ஃபோர்க்கை மாட்டினால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். 20 மி.மீ. கூட்டினால், ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹெட் டியூபும் சீட் போஸ்ட் இறங்கும் சீட் டியூபும் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்னால் சாயும், பெடல்களும் கொஞ்சம் மேலே ஏறும். ஓட்டிப் பழகிவிடலாம். ஆனால் ஹெட் டியூபில் விழும் சுமை கூடும். தயாரிப்பாளர் அனுமதித்த அளவைத் தாண்டினால் வாரண்டியும் போகும். ஃபிரேமின் விவரப் பக்கத்தில் அதிகபட்ச டிராவல் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதற்குள் இருங்கள்.

உடம்புக்குப் பொருந்துகிறதா: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தின் எல். ஜியாமெட்ரி அட்டவணையைத் திறந்து எண்களைப் பாருங்கள்.

முக்கியமானவை மூன்று. பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். மூன்றாவது சீட் டியூபின் கோணம். இறக்கத்தில் எழுந்து நின்று ஓட்டும்போது ரீச்தான் பேசும். உட்கார்ந்து பெடல் மிதிக்கும்போது ரீச்சும் சீட் டியூப் கோணமும் சேர்ந்து பேசும். அந்தக் கூட்டு அளவை அட்டவணையில் எஃபெக்டிவ் டாப் டியூப் என்று தருவார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபிரேமில் ரீச் 440 மி.மீ., ஸ்டாக் 620, சீட் டியூப் கோணம் 74 டிகிரி. இன்னொன்றில் ஸ்டாக் அதே 620, கோணம் 76 டிகிரி, ரீச் 463. ரீச்சை மட்டும் பார்த்தால் இரண்டாவது 23 மி.மீ. நீளம், பயந்து விட்டுவிடுவீர்கள். ஆனால் இரண்டிலும் எஃபெக்டிவ் டாப் டியூப் ஏறத்தாழ 618 மி.மீ.தான். உட்கார்ந்து ஓட்டும்போது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் ஒன்றே. எழுந்து நின்றால்தான் வித்தியாசம் தெரியும். ஒரே எண்ணை வைத்து இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கோணத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 76 டிகிரி போன்ற செங்குத்தான கோணம் ஏற்றத்தில் அருமை, முன்சக்கரம் தரையை விட்டு எழாது. ஆனால் நாள் முழுக்கச் சமதளத்தில் ஓட்டினால் இடுப்பு முன்னால் தள்ளி இருப்பதால் உடம்பின் பாரம் கைகளுக்குப் போகும். மணிக்கட்டு மரத்துப்போகும். சமதளமும் ஏற்றமும் கலந்து ஓட்டுகிறவருக்கு 74, 75 டிகிரி நல்ல நடுவழி என்பது என் கருத்து.

ஸ்டாக்கைத்தான் புதியவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. பந்தயத்துக்கென்று செய்த மிக லேசான ஃபிரேம்களில் முன்பக்கம் தாழ்வாக இருக்கும். குனிந்து ஓட்டிப் பழகியவருக்கு அது சரி. முதுகு வளைய மறுக்கிறவருக்கு அது தண்டனை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்கு அடியில் வளையங்கள் வைத்து உயர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு 10 மி.மீ. வளையத்துக்கும் ஹேண்டில்பார் 4 மி.மீ. அளவுக்குப் பின்னாலும் வரும் என்பதைக் கணக்கில் எடுங்கள். 30 மி.மீ.க்கு மேல் வளையம் அடுக்க வேண்டி வந்தால் அந்த ஃபிரேம் உங்களுக்கானது இல்லை.

இந்த எண்கள் உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஏற்கெனவே வசதியாக ஓட்டும் சைக்கிள் ஒன்று இருந்தால் டேப்பை எடுங்கள். சீட்டின் முனையிலிருந்து ஹேண்டில்பார் மையம் வரை எவ்வளவு, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே இடத்தில் கையையும் இடுப்பையும் வைக்கும் ஃபிரேமைத் தேடினால் போதும். அப்படி ஒன்று இல்லை என்றால் நண்பர்களின் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்து, பிடித்ததை அளந்துகொள்ளுங்கள்.

கூடவே காலின் உள்அளவையும் எடுங்கள். செருப்பு இல்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் இறுக்கமாக மேலே தூக்கி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.88ஆல் பெருக்கினால், கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய தூரம் தோராயமாகக் கிடைக்கும். 80 செ.மீ. கால் என்றால் 70 செ.மீ. இந்த எண் பின்னால் சீட் போஸ்ட்டுக்கும் உதவும். நின்றால், ஃபிரேமின் மேற்குழாயான டாப் டியூபுக்கும் உடம்புக்கும் நடுவில் 5 செ.மீ.யாவது இடைவெளி இருக்க வேண்டும்.

கிராங்க் பக்கத்திலிருந்து பின் ஆக்சில் வரை போகும் குழாயான செயின்ஸ்டேயின் நீளம் பற்றி நிறையப் பேசுவார்கள். 425 முதல் 445 மி.மீ. வரை எது இருந்தாலும் ஓட்டலாம். நீளமானது ஏற்றத்தில் அமைதியாக இருக்கும், குட்டையானது வளைவில் துள்ளலாகத் திரும்பும். சொகுசில் இதனால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான், இதை வைத்து ஃபிரேமைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

டயருக்கு எவ்வளவு இடம்

1989இல் ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் சந்தைக்கு வருவதற்கு முன்பு மவுண்டன் பைக்குகளில் முன்னாலும் சஸ்பென்ஷன் கிடையாது. தடித்த டயர்தான் எல்லாம். ஹார்ட்டெயிலின் பின்பக்கத்துக்கு இன்றைக்கும் அதே கதைதான். ஆகவே பின்னால் 29 இன்ச் சக்கரத்தில் 2.4 இன்ச் டயர் தாராளமாகப் போகும் ஃபிரேமைத் தேடுங்கள். தாராளமாக என்றால் இரண்டு பக்கமும் 6 மி.மீ. வெற்றிடம். சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்ற வேண்டும் அல்லவா. 2.25 மட்டும்தான் போகும் என்று போட்டிருந்தால், அந்த ஃபிரேம் எவ்வளவு லேசாக இருந்தாலும் நான் தாண்டிப் போய்விடுவேன்.

அகலமான டயரில் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம், லாபம் அங்கேதான். டியூப் இல்லாத அமைப்பில், 70 கிலோ எடையுள்ளவர் 2.4 இன்ச் டயரை 20 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டத்தில் ஓட்டலாம். டியூபோடு அவ்வளவு குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். டியூபை எடுத்துவிட்டு அடைப்புத் திரவம் ஊற்றினால் ஒவ்வொரு சக்கரத்திலும் நூறு கிராம் அளவுக்கு எடையும் குறையும். லேசும் சொகுசும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடம் சைக்கிளில் வேறு அதிகம் இல்லை.

சக்கர அளவு: பெரும்பாலானவர்களுக்கு 29 இன்ச். உயரம் குறைந்தவர்களுக்கு, மிகச் சிறிய அளவு ஃபிரேமில் 27.5 இன்ச் நன்றாகப் பொருந்தும். 26 இன்ச் சக்கரத்துக்கு நல்ல ஃபோர்க்கும் டயரும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. பழைய ஃபிரேம் சும்மா கிடைத்தால் தவிர, புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

சீட் போஸ்ட்: யாரும் கேட்காத எண்

சீட் டியூபுக்குள் போகும் போஸ்ட்டின் விட்டம் பொதுவாக 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று வரும். மெல்லியது அதிகம் வளையும். குழாயின் சுவர்த் தடிமன் ஒன்றே என்றால், 31.6 போஸ்ட் 27.2ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பு. அதைவிடப் பெரிய விஷயம், போஸ்ட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 20 செ.மீ. வெளியே இருப்பதை 25 ஆக்கினால் வளைவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனவே டாப் டியூப் நன்றாகச் சரிந்து, சீட் டியூப் குட்டையாக இருக்கும் ஃபிரேம், எந்த மாய உலோகமும் இல்லாமலேயே சொகுசாக இருக்கும்.

மேலே எடுத்த 70 செ.மீ. அளவை இங்கே பயன்படுத்துங்கள். சீட் டியூப் 43 செ.மீ., சீட்டும் அதன் தண்டவாளமும் சேர்ந்து 5 செ.மீ. உயரம் என்றால், போஸ்ட் 22 செ.மீ. வெளியே தெரியும். நல்ல அளவு. ஆனால் உள்ளே போதுமான நீளம் இருக்க வேண்டும். போஸ்ட்டில் குறித்திருக்கும் குறைந்தபட்சக் கோட்டைத் தாண்டி ஒருபோதும் வெளியே இழுக்காதீர்கள். டாப் டியூப் சேரும் இடத்துக்குக் கீழே வரை அது இறங்கியிருப்பதும் அவசியம்.

சரி, 27.2 ஃபிரேம்தான் வாங்க வேண்டுமா? பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் டிராப்பர் போஸ்ட் பின்னால் மாட்டும் எண்ணம் இருந்தால் 30.9 அல்லது 31.6 வாங்குங்கள். டிராப்பர்களில் பெரும்பாலானவை அந்த அளவுகளில்தான் வருகின்றன. டிராப்பர் வேண்டாம் என்று மனம் மாறினால், இடையில் ஒரு ஷிம் வளையம் செருகி 27.2 போஸ்ட்டைப் போட்டுக்கொள்ளலாம். பெரிய துளையைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது. சீட் டியூபே நீண்டு போஸ்ட்டாக நிற்கும் ஃபிரேம்களை மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டினால் வெட்டியதுதான், பிறகு விற்கவும் முடியாது.

பாகங்கள் சேருமா

இது சலிப்பான பகுதி, ஆனால் இதைத் தாண்டிவிட்டு ஃபிரேம் வாங்கினால் ஏற்கெனவே வைத்திருக்கும் சக்கரம் மாட்டாமல் நிற்கும். இன்றைய ஹார்ட்டெயில்களில் பின் ஆக்சில் பெரும்பாலும் 148 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன், பூஸ்ட் என்பார்கள். பழைய 135 மி.மீ. குவிக் ரிலீஸ் ஹப் அதில் உட்காராது. ஹெட் டியூப் மேலே சிறுத்துக் கீழே அகன்ற டேப்பர் வகையா என்று பாருங்கள். புதிய ஃபோர்க்குகளின் தண்டு அப்படித்தான் வருகிறது. கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் 73 மி.மீ. திருகு மரை இருந்தால் நிம்மதி. அழுத்திப் பொருத்தும் வகையில் வேலைப்பாடு துல்லியமாக இல்லாவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று சத்தம் கேட்கும்.

பின்னால் கியர் மாற்றும் டீரெயிலரை மாட்டும் ஹேங்கர் யு.டி.எச். (யுனிவர்சல் டீரெயிலர் ஹேங்கர்) வகையாக இருந்தால் நல்லது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பொது அளவு அது. ஹேங்கர் வளைந்தால் மாற்று எளிதாகக் கிடைக்கும். 2023இல் வந்த ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் கியர்களும் யு.டி.எச். ஃபிரேமில் மட்டுமே மாட்டும். ஹெட் டியூபில் இருக்கும் பேரிங் தொகுப்பான ஹெட்செட் வழியாக ஒயர்கள் உள்ளே நுழையும் ஃபிரேம்கள் பார்க்க அழகு. ஆனால் மேல் பேரிங்கை மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டியிருக்கும். வீட்டிலேயே சர்வீஸ் செய்கிறவர் இரண்டு முறை யோசிக்கவும்.

இப்போது உலோகம்

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், டைட்டானியம் 4.5, ஸ்டீல் 7.85. இதைப் பார்த்தால் அலுமினியம்தான் வெற்றி என்று தோன்றும். ஆனால் விறைப்பும் அதே விகிதத்தில்தான் குறைகிறது: ஸ்டீல் சுமார் 205 கிகாபாஸ்கல், டைட்டானியம் 110, அலுமினியம் 70. எடைக்கு எவ்வளவு விறைப்பு என்று வகுத்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. குழாயின் வடிவத்தில்தான் வித்தை. அலுமினியம் லேசு என்பதால் குழாயைப் பருமனாக்கலாம். பருமன் கூடினால் விறைப்பு வேகமாகக் கூடும். அலுமினியம் விறைப்பானது என்ற பேச்சு இப்படி வந்ததுதான். இன்னொரு காரணமும் உண்டு. சிறுசிறு அழுத்தங்கள் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுந்தால் அலுமினியம் களைத்துப் போகும். அதனால் வளையவே விடாமல் கட்டுவது பாதுகாப்பு.

எதை வாங்கலாம்? புதியவருக்கு என் முதல் பரிந்துரை நல்ல அலுமினிய ஃபிரேம். 6061 கலவை, குழாயின் நடுப்பகுதி மெல்லியதாகவும் முனைகள் தடித்தும் இருக்கும் பட்டட் வகை. 1.5 முதல் 2 கிலோவுக்குள் கிடைக்கும். மேலே சொன்ன டயர், போஸ்ட் விஷயங்கள் சரியாக இருந்தால் சொகுசுக்குக் குறைவிருக்காது.

கார்பன் ஃபிரேம்கள் ஒரு கிலோவை ஒட்டி வரும், சில அதற்கும் கீழே. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் விறைப்பும் இன்னோரிடத்தில் நெகிழ்வும் தர முடியும் என்பது அதன் உண்மையான பலம். கூரான கல் அடித்தாலோ கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலோ உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாமலும் போகலாம். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்காமல் கார்பன் வாங்காதீர்கள்.

குரோமொலி ஸ்டீல் ஃபிரேம் பெரும்பாலும் 2.2 கிலோவுக்கு மேல். மெல்லிய குழாய்கள் கண்ணுக்கு அழகு, அடிபட்டாலும் சரிசெய்யலாம், உள்ளே துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டைட்டானியம் துருப் பிடிக்காது, பெயிண்டும் வேண்டாம், பல்லாண்டு உழைக்கும். பற்றவைப்பது கடினம் என்பதால் விலையும் அதற்கேற்ப. முதல் ஃபிரேமாக அது தேவையில்லை.

கடைசியாக எடை

தயாரிப்பாளர் சொல்லும் எடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எந்த அளவு ஃபிரேம், பெயிண்ட் அடித்ததா, ஆக்சிலும் ஹேங்கரும் சீட் கிளாம்பும் உண்டா? இவற்றிலேயே நூறு கிராமுக்கு மேல் ஒளிந்துகொள்ளும். இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே நிலையில் ஒப்பிட வேண்டும்.

400 கிராம் வித்தியாசம் எவ்வளவு பெரியது? 70 கிலோ ஆள், 11 கிலோ சைக்கிள். மொத்தத்தில் அது அரை சதவீதம். அரை மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் பத்து வினாடிக்குள் மிச்சம். பந்தயம் ஓடுகிறவருக்கு அது பெரிது. மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் லேசான சக்கரத்துக்கும் போட்டால், அதே கிராம்களும் குறையும், ஓட்டமும் இலகுவாகும்.

எடை குறையக் குறைய ஓட்டுகிறவரின் எடைக்கும் வரம்பு வரும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். பல ஃபிரேம்களில் பயன்பாட்டு வகை எண்ணும் ஒட்டியிருப்பார்கள். 3ஆம் வகை என்றால் கரடுமுரடான பாதை, 61 செ.மீ. உயரம் வரையிலான குதிப்பு. நீங்கள் ஓட்டப் போவதற்கு அது ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

கையில் வந்ததும்

பாகங்களை மாட்டும் முன் தராசில் வையுங்கள், ஆவலுக்காகத்தான். அப்புறம் உண்மையான சோதனை. ஒரு நூலைப் பின் ஆக்சில் துளையின் ஒரு பக்கம் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்கத் துளைக்கு இறுக்கமாகக் கொண்டுவந்து கட்டுங்கள். சீட் டியூபிலிருந்து இரு பக்கத்து நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஃபிரேம் கோணலாக இருக்கிறது. இன்னொரு முறை அளந்து பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பழைய ஃபிரேம் என்றால் நல்ல வெளிச்சத்தில் ஹெட் டியூபும் கீழ்க்குழாயான டவுன் டியூபும் சேரும் வெல்டிங், சீட் டியூபின் மேல்முனை, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய இடம், செயின் உரசும் பக்கத்துச் செயின்ஸ்டே ஆகியவற்றைத் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு இருந்தால் அது வெறும் பெயிண்ட் என்று விற்பவர் சொல்வார். அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பெரும்பாலும் வரிசை எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்கும் திருட்டுப் புகாருக்கும் அது வேண்டும்.

போஸ்ட்டை இறக்கும் முன், ஃபிரேம் உலோகம் என்றால் சீட் டியூபுக்குள் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் போஸ்ட் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஃபிரேமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம். அதற்கென்று விற்கும் சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவி, கிளாம்பில் குறித்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.